மக்கின்னனின் வாழ்க்கை வரலாறும் ஒரு பதிப்பக ஒப்பந்தமும்

சரக்கு முகவர் நிறுவனம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்ற சென்னை வாசகர் ஒருவர், பன்னிரண்டு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய கொள்ளுத் தாத்தா 1911-இல் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பலேறியவர். அப்போது வாங்கிய டெக் (கப்பலின் திறந்த மேல்தளம்) பயணச் சீட்டு வீட்டில் ஒரு தகரப் பெட்டியில் இன்றும் இருக்கிறது. அதில் அச்சிடப்பட்டிருந்த பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி என்ற பெயரைப் பின்தொடர்ந்து போனவர், அக்கம்பெனியைத் தொடங்கிய வில்லியம் மக்கின்னனின் வாழ்க்கையைத் தமிழில் நூலாகவே எழுதி முடித்துவிட்டார். அதை வெளியிட முன்வந்திருக்கும் பதிப்பகம் மூன்று பக்க ஒப்பந்தத்தை அனுப்பியிருக்கிறது. மளிகைக் கடைப் பையன் கப்பல் அதிபரான வெற்றிக் கதையாக நூலை மாற்ற வேண்டும் என்றும், கடைசி அத்தியாயத்தில் மக்கின்னனும் வ.உ.சி.யும் நேருக்கு நேர் மோதுவதாக அமைக்க வேண்டும் என்றும் அது கேட்கிறது. வாசகரின் மகளோ, காலனி ஆட்சிக்குத் துணைநின்ற ஒருவருக்கு அப்பா எதற்காக மாலை சூட்டுகிறார் என்று வருந்துகிறார். லண்டன் நூலகத்தில் உள்ள மக்கின்னனின் கடிதங்கள் சிலவற்றை ஓர் ஆய்வாளர் படமெடுத்துக் கொடுக்க, வாசகர் அவற்றை மொழிபெயர்த்து நூலில் சேர்த்திருக்கிறார். அவற்றை அச்சிடலாமா, கடுமையாக எழுதினால் அவதூறு வழக்கு வருமா, ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாமா, மகளுக்கு என்ன பதில் சொல்வது என்பவை அவருடைய கேள்விகள்.

மதிப்பிற்குரிய ஐயா,

நீங்கள் கேட்டவை சட்டக் கேள்விகள் என்றாலும், நூலின் உள்ளடக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். கம்பெனிச் சட்ட வழக்குகளிலேயே என் தொழில் வாழ்க்கை கழிந்திருப்பதால், ஒரு கம்பெனி எப்படி உருவானது என்ற கதையை யார் சொன்னாலும் அதன் ஆவணங்கள் வழியாகவே கேட்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. நீங்கள் அனுப்பிய அத்தியாயச் சுருக்கத்தை அப்படிப் படித்தபோது இரண்டு இடங்களில் நிற்க வேண்டியதாயிற்று. அவ்விரண்டையும் திருத்திவிட்டால் உங்கள் சட்டக் கவலைகளில் ஒரு பகுதி தானாகவே நீங்கிவிடும்.

கப்பலுக்கு முன்னால் வந்த ஒப்பந்தம்

மக்கின்னன் 1823-இல் ஸ்காட்லாந்தின் கேம்பல்டவுனில் பிறந்தார், மளிகைக் கடையில் தொழில் பழகினார், கிளாஸ்கோ வணிக அலுவலகங்களில் வேலை பார்த்தார், 1847-இல் கல்கத்தாவுக்கு வந்து ராபர்ட் மெக்கன்சியுடன் சேர்ந்து மக்கின்னன் மெக்கன்சி கம்பெனியைத் தொடங்கினார் என்று நீங்கள் எழுதியிருப்பது சரியே. மெக்கன்சி 1853-இல் ஆஸ்திரேலியப் பயணத்தில் கப்பல் மூழ்கி இறந்ததும் சரியே. ஆனால் அதற்குப் பிறகு, கூட்டாளியை இழந்த இளைஞர் தன் துணிச்சலை மட்டும் முதலாக வைத்து நீராவிக் கப்பல்களை வாங்கினார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வாக்கியத்தை அப்படியே விடக் கூடாது.

1852-ஆம் ஆண்டுப் போருக்குப் பிறகு கீழ்ப் பர்மா கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. கல்கத்தாவுக்கும் ரங்கூனுக்கும் இடையே தபால் தவறாமல் போய் வர வேண்டிய தேவை ஆட்சியாளர்களுக்கு ஏற்பட்டது. அந்தத் தபால் ஒப்பந்தத்தைப் பெற்றதன் பலத்தில்தான் 1856-இல் கல்கத்தா அண்ட் பர்மா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி உருவானது. ஸ்காட்லாந்து முதலீட்டாளர்கள் அதன் பங்குகளை வாங்கினார்கள். 'கேப் ஆஃப் குட் ஹோப்', 'பால்டிக்' என்ற இரண்டு கப்பல்கள் வந்தன. தபால் மானியம் எப்படி வேலை செய்கிறது என்பதை உங்களைப் போன்ற கப்பல் துறைக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சரக்கு அறை நிறைந்தாலும் காலியாகக் கிடந்தாலும், குறித்த நாளில் கப்பல் போய்ச் சேர்ந்தால் குறித்த தொகை கருவூலத்திலிருந்து வந்துவிடும். அந்தக் கருவூலம் நிரம்பியது இந்திய வரிப் பணத்தால். 1862-இல் கம்பெனி பிரிட்டிஷ் இந்தியா என்று பெயர் மாறியதும், பாரசீக வளைகுடா வரை வழித்தடங்கள் நீண்டதும் இதே முறையில்தான். அப்போது பம்பாய் ஆளுநராக வந்த சர் பார்ட்டில் ஃப்ரேரின் ஆதரவு மக்கின்னனுக்குப் பெரும் பலமாக இருந்தது. 1872-இல் ஏடனிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான சான்சிபாருக்குக் கப்பல் விட்டபோதும் தபால் ஒப்பந்தமே முதலில் வந்தது.

இவ்வளவையும் சொல்வது அவருடைய திறமையைக் குறைப்பதற்காக அன்று. புதிய கடல்வழியில் முதல் சில ஆண்டுகளின் நட்டத்தை யார் தாங்குவது என்பதே அக்காலக் கப்பல் வணிகத்தின் தலையாய கேள்வி. அதற்கு அரசையே விடையாக நிறுத்தும் வித்தையை அவர் மற்றவர்களைவிட நன்றாக அறிந்திருந்தார். ஒரு வணிகராக அவருடைய பெருந்திறமை இதுவே என்பது என் கருத்து. உங்கள் நூலுக்கு ஒரு நடு இழை வேண்டுமென்றால், ஒவ்வொரு கட்டத்திலும் இடர் யார் தோளில் விழுந்தது என்பதை எழுதுங்கள்.

அதே இழையில் இன்னும் இரண்டு செய்திகள் சேர வேண்டும். முதலாவது, பங்குதாரரின் பொறுப்பை அவர் போட்ட பணத்தோடு வரையறுக்கும் சட்டம் பிரிட்டனில் 1855-இல்தான் வந்தது. 1856, 1862 கம்பெனிச் சட்டங்கள் அதை விரிவாக்கின. மக்கின்னனின் கப்பல் கம்பெனி பிறந்த ஆண்டையும் பெயர் மாறிய ஆண்டையும் இவற்றோடு வைத்துப் பாருங்கள். இந்தப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை அவரே அருகிலிருந்து கண்டார். 1878-இல் சிட்டி ஆஃப் கிளாஸ்கோ வங்கி திவாலானபோது, வரையறையற்ற பொறுப்பின் காரணமாக அதன் பங்குதாரர்களில் பெரும்பாலோர் வீடு வாசலை இழந்தார்கள். இயக்குநர்கள் சிறைக்குப் போனார்கள். முன்பு அதன் இயக்குநராக இருந்து 1870-இலேயே விலகியிருந்த மக்கின்னன் மீதும் கலைப்பு அலுவலர்கள் பெருந்தொகை கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். அவர் சமரசத்துக்கு இணங்காமல் வழக்காடி வென்றார். உங்கள் சுருக்கத்தில் இவ்வழக்கு ஒரே வரியில் கடந்து போகிறது. நான் எழுதியிருந்தால் ஒரு முழு அத்தியாயம் கொடுத்திருப்பேன்.

இரண்டாவது, நிர்வாக முகவர் முறை. கப்பல்கள் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்குச் சொந்தம். அவற்றை நடத்துவது மக்கின்னன் மெக்கன்சி. லண்டனில் கிரே டாஸ், சென்னையில் பின்னி, சான்சிபாரில் ஸ்மித் மெக்கன்சி என்று துறைமுகத்துக்குத் துறைமுகம் முகவர்கள். அவர்களில் பலர் மக்கின்னனின் உடன்பிறந்தாருடைய மகன்மார், உறவினர், ஊர்க்காரர். பங்குதாரருக்கு இலாபப் பங்கு வராத ஆண்டிலும் முகவருக்குத் தரகு வந்துவிடும். இம்முறை இந்தியாவில் சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1970-இல்தான். ஒரு சரக்கு முகவர் அலுவலகத்தில் வாழ்நாளைக் கழித்த உங்களால் இதை எழுத முடிவதுபோல் வரலாற்றுப் பேராசிரியர் எவராலும் எழுத முடியாது.

1906-இல் மக்கின்னன் உயிரோடு இல்லை

பதிப்பகம் கேட்கும் கடைசி அத்தியாயத்தை நீங்கள் எழுதக் கூடாது, எழுதவும் முடியாது. மக்கின்னன் 1893 ஜூன் மாதம் லண்டனில் இறந்துவிட்டார். சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது 1906 அக்டோபரில். வ.உ.சி. எதிர்கொண்டது மக்கின்னன் என்ற மனிதரை அன்று; அவர் விட்டுச் சென்ற அமைப்பை. அக்காலத்தில் அந்த அமைப்பின் முதன்மை மனிதராக விளங்கியவர், 1874-இல் கல்கத்தா அலுவலகத்தில் சேர்ந்து பின்னாளில் இஞ்ச்கேப் பிரபு ஆன ஜேம்ஸ் மக்கே. தூத்துக்குடியில் முகவர்களாக இருந்தவர்கள் ஏ அண்ட் எஃப் ஹார்வி.

மோதல் அத்தியாயத்தைக் கைவிடச் சொல்கிறேனே தவிர வ.உ.சி.யைக் கைவிடச் சொல்லவில்லை. அவருடைய கம்பெனியும் ஒரு வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கம்பெனிதான். மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவர் பாண்டித்துரைத் தேவர். கப்பல்கள் காலியா, லாவோ. மக்கின்னன் கையாண்ட அதே சட்டக் கருவியைத்தான் வ.உ.சி.யும் கையில் எடுத்தார். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் பக்கம் தபால் மானியமும் பல துறைமுகங்களின் வருவாயும் இருந்ததால், தூத்துக்குடி–கொழும்பு வழியில் கட்டணத்தை நட்டத்துக்கு வெட்டினாலும் வேறிடத்தில் ஈடுகட்ட முடிந்தது. சுதேசிக் கம்பெனிக்கோ அந்த ஒரு வழியின் கட்டணமே உயிர். போதாததற்கு அரசும் எதிரே நின்றது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார், 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. உங்கள் கொள்ளுத் தாத்தா கப்பலேறிய அதே ஆண்டு அது. பதிப்பகம் விரும்பும் கற்பனைச் சண்டையைவிட இந்த உண்மை வாசகரை அதிகம் தொடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

உங்கள் மகளின் கேள்வி

அவருடைய கேள்வி நியாயமானது. அதற்கான விடை மக்கின்னனின் கடைசி ஆறேழு ஆண்டுகளில் இருக்கிறது. நீங்களோ அதைச் சறுக்கல் என்ற தலைப்பில் பத்துப் பக்கங்களில் முடித்துவிட்டீர்கள்.

1887 மே மாதம் சான்சிபார் சுல்தான் பர்காஷ், உம்பா ஆற்றிலிருந்து கிப்பினி வரையிலான கடற்கரையை 50 ஆண்டுகளுக்கு நிர்வகிக்கும் உரிமையை மக்கின்னனின் குழுவுக்கு அளித்தார். 1888 செப்டம்பர் 3 அன்று அரச சாசனம் கிடைத்து, இம்பீரியல் பிரிட்டிஷ் ஈஸ்ட் ஆப்பிரிக்கா கம்பெனி பிறந்தது. இதைப் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் ஒரு கிளை போல எழுதியிருக்கிறீர்கள், அது தவறு. பிரிட்டிஷ் இந்தியா சாதாரணக் கப்பல் கம்பெனி. கிழக்கு ஆப்பிரிக்கக் கம்பெனியோ வரி வசூலித்தது, நீதி வழங்கியது, படை வைத்திருந்தது, தன் துறைமுக நகரான மொம்பாசாவின் பெயரைப் பொறித்து ரூபாய் நாணயமும் அடித்தது. அந்நாணயத்தில் 'ஒளியும் விடுதலையும்' என்று பொருள்படும் ஆங்கில வாசகம் இருந்தது.

அந்த வாசகத்தை எடைபோட இருவகைத் தரவுகளையும் பக்கத்தில் பக்கமாக வையுங்கள். 1889 தொடக்கத்தில் மொம்பாசாவுக்கு அருகே ரபாய் முதலிய மிஷன் நிலையங்களில் அடைக்கலம் புகுந்திருந்த, 1,400-க்கும் மேற்பட்ட தப்பியோடிய அடிமைகளுக்காக உரிமையாளர்களுக்கு ஈட்டுத்தொகை கொடுத்து அவர்களுக்கு விடுதலைச் சான்று வழங்கியது இக்கம்பெனி. அதே காலத்தில், மக்கின்னன் தலைமை வகித்த குழு பணம் திரட்டி ஆப்பிரிக்கப் பயணி ஸ்டான்லியின் தலைமையில், தென் சூடானில் சிக்கியிருந்த ஆளுநர் எமின் பாஷாவை மீட்க அனுப்பிய பயணத்தில், சுமை தூக்கப் போன சான்சிபார்க்காரர்கள் நூற்றுக்கணக்கில் மடிந்தார்கள். 1892 ஜனவரியில் உகாண்டாவின் மெங்கோவில் கம்பெனியின் அலுவலர் லுகார்டு, உள்நாட்டுச் சண்டையில் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியோடு ஒரு தரப்புக்குத் துணை நின்றார். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைத்தால் நூல் பொய்யாகிவிடும். மக்கின்னன் ஆழ்ந்த கிறித்தவப் பற்றும் அடிமை வணிகத்தின் மீது வெறுப்பும் உடையவர். மக்களின் சம்மதம் கேளாமல் அவர்கள் நிலத்தைப் பங்கிட்ட அரசுகளின் கருவியாகவும் இருந்தவர். இவ்விரண்டும் ஒரே மனிதருடைய வாழ்க்கை.

கணக்கையும் மறந்துவிடாதீர்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் அவர் எதிர்பார்த்த மானியம் வரவில்லை. உள்நாட்டுக்கு ரயில் இல்லாமல் வணிகம் நடக்காது. ரயில் போடக் கம்பெனியிடம் பணம் இல்லை. முன்பு கருவூலங்கள் சுமந்த இடரை இம்முறை அவரும் அவருடைய நண்பர்களும் சுமந்தார்கள். கம்பெனி ஒருபோதும் இலாபம் காணவில்லை. அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1895-இல், அரசு 2,50,000 பவுண்டு கொடுத்து அதை எடுத்துக்கொண்டது. அதில் 2,00,000 பவுண்டு பிரிட்டிஷ் கருவூலத்திலிருந்து வரவில்லை. சான்சிபாரின் பணத்திலிருந்து எடுக்கப்பட்டது. யாருடைய கடற்கரை குத்தகைக்கு வாங்கப்பட்டதோ, அந்த அரசின் பணமே குத்தகைதாரரை விடுவிக்கவும் செலவானது. இந்தப் பக்கத்தை மகளிடம் படிக்கக் கொடுங்கள். நீங்கள் மாலை சூட்டவில்லை, கணக்குப் பார்க்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

கடிதங்களை அச்சிடும் உரிமை

எழுதியவர் இறந்து 60 ஆண்டுகள் கடந்தால் பதிப்புரிமை முடிந்துவிடும் என்று நம்புகிறீர்கள். வெளியான நூல்களுக்கு அது பொருந்தும். வெளியிடப்படாத கடிதங்களுக்கு அப்படியே பொருந்தாது. பிரிட்டனின் 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடைக்கால விதிகளின்படி, பழைய வெளியிடப்படாத எழுத்துகளுக்கான பதிப்புரிமை 2039 இறுதி வரை நீடிக்கிறது. 1893-இல் இறந்த ஒருவருடைய கடிதமும் அதில் அடங்கலாம். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: கடிதத்தின் தாள் பெற்றவருக்குச் சொந்தமானாலும் அதிலுள்ள எழுத்தின் உரிமை எழுதியவருடையது. எனவே மக்கின்னனுக்குப் பிறர் எழுதிய கடிதங்களைத் தனியே பட்டியலிட்டு, எழுதியவர் இறந்த ஆண்டையும் குறியுங்கள்.

இந்தியாவில் வெளியிடுவதற்கு உங்களுக்கு நல்ல பாதுகாப்பு இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 52(1)(p) பிரிவு, பொதுமக்கள் அணுகக்கூடிய நூலகத்திலோ அருங்காட்சியகத்திலோ உள்ள வெளியிடப்படாத எழுத்தை, ஆய்வுக்காகவும் வெளியிடும் நோக்கத்துடனும் பிரதி செய்ய அனுமதிக்கிறது. எழுதியவர் இன்னாரென்று தெரிந்தால், அவர் இறந்து 60 ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். 52(2) பிரிவு இச்சலுகையை மொழிபெயர்ப்புக்கும் நீட்டுகிறது. ஆகவே தமிழ் அச்சு நூல் குறித்து எனக்குப் பெரிய அச்சம் இல்லை. மின்னூலாகப் பிரிட்டனிலும் விற்கப் பதிப்பகம் எண்ணினால் அங்குள்ள சட்டம் குறுக்கே வரும்.

நீங்கள் கவனிக்காமல் விட்ட ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. மக்கின்னனின் தாள்கள் லண்டன் பல்கலைக்கழகத்தின் சோவாஸ் நூலகத்தில் உள்ளன. இத்தகைய காப்பகங்களில் படமெடுப்பவர் பொதுவாகச் சொந்த ஆய்வுக்கு மட்டுமே பயன்படுத்துவேன் என்று ஒப்புக்கொண்ட பிறகே படமெடுக்கிறார். பதிப்புரிமை தடுக்காவிட்டாலும் அந்த ஒப்புதல் தடுக்கும். மீறினால் பாதிக்கப்படுபவர் உங்களுக்கு உதவிய ஆய்வாளர். எனவே எந்தெந்தக் கடிதம், எத்தனை வரி, எந்த மொழியில் என்று குறிப்பிட்டு நூலகத்துக்கு எழுதி, எழுத்து வடிவில் அனுமதி பெறுங்கள்.

அவதூறு பற்றிச் சுருக்கமாக: இறந்தவரைப் பற்றிய எழுத்தும் அவருடைய குடும்பத்தாரின் மனத்தைப் புண்படுத்தும் நோக்கம் கொண்டிருந்தால் பாரதிய நியாய சங்கிதையின் 356-ஆவது பிரிவில் அடங்கக்கூடும். மக்கின்னனுக்கு மக்கட்பேறு இல்லை; அவருடைய பேரனெட் என்ற பரம்பரைப் பட்டமும் அவரோடு முடிந்தது. சான்றுள்ள செய்தியைப் பொதுநலன் கருதி எழுதுவது விலக்கில் வரும். இங்கே கவலைப்பட எதுவும் இல்லை. ஆனால் இன்றும் இயங்கும் நிறுவனங்களைப் பற்றிய ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆவணம் கையில் இருக்கட்டும். நடக்காத மோதலை நடந்ததாக எழுதியிருந்தால், இந்தப் பாதுகாப்பை நீங்களே தள்ளிவிட்டிருப்பீர்கள்.

அந்த மூன்று பக்கங்கள்

ஒப்பந்தத்தை இப்போதிருக்கும் வடிவில் கையெழுத்திடாதீர்கள். அதன் ஒன்பதாவது ஷரத்து, நூல் தொடர்பாக யார் எந்தக் கோரிக்கை எழுப்பினாலும் பதிப்பகத்தின் செலவு முழுவதையும் நீங்களே ஈடுசெய்ய வேண்டும் என்கிறது. வரம்பு இல்லை, விலக்கு இல்லை. பதிப்பகத்தின் ஆசிரியர் குழு திருத்திய வாக்கியத்துக்கும், அது வைக்கச் சொன்ன மோதலுக்கும்கூட நீங்களே பொறுப்பு. வரையறையற்ற பொறுப்பு என்ன செய்யும் என்பதைக் கிளாஸ்கோ வங்கியைப் பற்றி எழுதிய உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கையில் இருப்பது ஓய்வூதியமும் ஒரு வீடும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ஒரு நூலுக்குப் பிணையாக வைக்கச் சம்மதிக்காதீர்கள். நீங்கள் அளித்த உறுதிமொழி மீறப்பட்டதாக நீதிமன்றம் இறுதியாகத் தீர்ப்பளித்தால் மட்டும், நீங்கள் பெற்ற உரிமத்தொகை அளவுக்கு மட்டும் என்று ஷரத்தைத் திருத்தக் கேளுங்கள். பதிப்பகம் செய்த மாற்றங்களுக்கு நீங்கள் பொறுப்பல்லர் என்ற வரியும் சேர வேண்டும்.

நான்காவது ஷரத்து, எல்லா வடிவங்களிலும் உலகம் முழுவதும் பதிப்புரிமைக் காலம் முழுவதும் உரிமையை எழுதிக் கொடுக்கச் சொல்கிறது. அதற்குப் பதிலாகத் தமிழ் அச்சுப் பதிப்புக்கு மட்டும் ஐந்தாண்டு உரிமம் தருவதாகச் சொல்லுங்கள். உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றும் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவே கொள்கிறது. ஓராண்டுக்குள் பயன்படுத்தாத உரிமை திரும்பிவிடும் என்ற விதியும் அதில் உண்டு. ஆனால் ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொன்னால் அந்த விதி பொருந்தாது, உங்கள் ஒப்பந்தம் அப்படித்தான் சொல்கிறது. அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள். உங்கள் பெயருக்குக் கேடு வரும்படி நூலைச் சிதைத்தால் 57-ஆவது பிரிவின்படி நீங்கள் எதிர்க்கலாம். இருந்தாலும் வழக்குக்குப் போவதைவிட, அச்சுக்கு முன் இறுதிப் படியைப் பார்த்து ஒப்புதல் தரும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவது எளிது.

பதிப்பகம் மறுத்தால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். சொந்தச் செலவில் முந்நூறு படிகள் அச்சிடுவது ஒரு வழி. அதில் பண இழப்பு வந்தாலும் அதற்கு ஓர் எல்லை உண்டு. கப்பல் துறை வரலாற்றில் அக்கறையுள்ள வேறு பதிப்பகத்தைத் தேடுவது இன்னொரு வழி. ஆறு மாதம் ஓராண்டு ஆகலாம். உங்கள் வயதைக் காரணம் காட்டி அவசரப்படுகிறீர்கள். ஐயா, மக்கின்னனின் தாள்கள் நூற்றாண்டு கடந்தும் அங்கேயே இருக்கின்றன. ஓராண்டு காத்திருப்பதால் உங்கள் நூலுக்குக் குறை எதுவும் வராது.

கடைசியாக அந்த டெக் பயணச் சீட்டு. அது உங்கள் குடும்பச் சொத்து. அதை நூலில் படமாக அச்சிட எவர் அனுமதியும் தேவையில்லை. ஆனால் அசலைப் பதிப்பகத்திடம் கொடுக்காதீர்கள். நீங்களே இருபக்கமும் நல்ல ஸ்கேன் எடுத்துப் படத்தை மட்டும் அனுப்புங்கள். லேமினேட் செய்து வைக்கலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், சூடு பட்ட பழந்தாளை மீட்க முடியாது. அமிலமற்ற காகித உறையில் இட்டு, தகரப் பெட்டியிலிருந்து எடுத்து, ஈரம் படாத அலமாரிக்கு மாற்றி வையுங்கள்.